பத்துப் பேர் செத்தால் ஒரு வளைவு

ஒரு வளைவில் எத்தனை பேர் செத்தால் அந்த வளைவு சரியில்லை என்று அரசு ஒப்புக்கொள்ளும்?

கணக்கு இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எழுத்தில் போட்டு வைத்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில், பத்துப் பேர் சாக வேண்டும். அல்லது சாவோ படுகாயமோ உள்ள ஐந்து விபத்துகள் நடக்க வேண்டும். நடந்தால் அந்த இடத்துக்குக் ‘கரும்புள்ளி’ என்று பட்டம் கட்டிப் பட்டியலில் சேர்ப்பார்கள். நான்கு விபத்து, ஒன்பது சாவு என்றால்? கோப்பு காத்திருக்கும். இன்னும் ஒருவர் வர வேண்டும்.

உலகத்தில் இன்னொரு கூட்டமும் வளைவுகளைப் பற்றிக் கவலைப்படுகிறது. கார் பந்தயக்காரர்கள். 1994 ஏப்ரல் 30 அன்று இத்தாலியின் இமோலா ஓடுதளத்தில், தகுதிச் சுற்றில், ரோலண்ட் ராட்ஸன்பெர்கர் இறந்தார். மறுநாள் மே 1, தம்புரெல்லோ வளைவில் அயர்டன் சென்னா. இரண்டு நாள், இரண்டு உயிர். அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்குள் அந்த இரண்டு இடங்களும் உருமாறிவிட்டன. தம்புரெல்லோவில் சுவரைப் பின்னுக்குத் தள்ள வழியில்லை; பின்னால் சான்டெர்னோ ஆறு ஓடுகிறது. ஆற்றை நகர்த்த முடியாதவர்கள் சாலையை நகர்த்தினார்கள். முழு வேகத்தில் பறந்து கடந்த இடது வளைவை ஒடித்து, இடமும் வலமுமாக நெளித்துவிட்டார்கள். இப்படி நெளித்த திருப்பத்தைப் பந்தயக்காரர்கள் சிக்கேன் என்பார்கள். பழைய சாகசம் போச்சு என்று ரசிகர்கள் இன்றைக்கும் புலம்புகிறார்கள். புலம்பட்டும். ஓட்டுநர்கள் உயிரோடு இருந்து அதைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

சென்னாவுக்குப் பிறகு ஃபார்முலா 1 பந்தய விபத்தால் இறந்த ஓட்டுநர் ஒரே ஒருவர், ஜூல்ஸ் பியான்கி. 2014-ல் ஜப்பானில் அடிபட்டு 2015-ல் இறந்தார். மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் போகிற தொழிலில் முப்பது ஆண்டுக்கு ஒருவர். தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள். இந்தியாவில் முதலிடம். செத்தவர்கள் 17,884 பேர். இரண்டாமிடம். நாளொன்றுக்கு 49 பேர். இவர்களில் யாரும் 300-ல் போகவில்லை. பால் வாங்கப் போனார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். எதில் முதலிடம் என்றாலும் பேனர் வைக்கிற மாநிலம் இது. இந்த முதலிடத்துக்கு மட்டும் ஒரு பேனர்கூடக் காணோம்.

வித்தியாசம் எங்கே? பந்தயக்காரன் விபத்து நடந்ததும் சாலையைப் பார்க்கிறான். நம் ஆட்கள் செத்தவனைப் பார்க்கிறார்கள். ஹெல்மெட் போட்டிருந்தானா, குடித்திருந்தானா, செல்போன் பேசினானா, லைசென்ஸ் இருந்ததா. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விதான். சாலையிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது அரசு ஊழியர் மாதிரி, விசாரணைக்கு முன் அனுமதி வேண்டும்.

பந்தயக்காரர்கள் உயிருக்காக மட்டும் சாலையைத் திருத்துவதில்லை. போரடித்தாலும் திருத்துகிறார்கள். பந்தயத்தில் முந்துவதற்கென்று ஒரு சூத்திரம் உண்டு. நீளமான நேர்சாலை வேண்டும். அதன் முடிவில், வாய் அகன்ற, மெதுவான திருப்பம் வேண்டும். வேகம் இருமடங்கானால் வளைவில் டயருக்கு நான்கு மடங்கு பிடிப்பு வேண்டும். அந்தப் பிடிப்பில் பெரும்பங்கைத் தருவது காரைத் தரையோடு அழுத்தும் காற்று. முன்னால் போகிறவன் அந்தக் காற்றைக் கலைத்துவிட்டுப் போகிறான். அதனால் வேகமான வளைவில் பின்னால் வருகிறவன் ஒட்டிப் போக முடியாது. நேர்சாலையில்தான் நெருங்க முடியும், முடிவில் பிரேக் போடுகிற இடத்தில்தான் முந்த முடியும். திருப்பங்களை நெருக்கி நெருக்கி வைத்தால் பந்தயம் சவ ஊர்வலம் ஆகிவிடும்.

2010-ல் அபுதாபியில் அது நடந்தது. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஃபெர்னாண்டோ அலோன்சோ, விட்டாலி பெட்ரோவ் என்கிற புதியவரின் பின்னால் ஏறக்குறைய 40 சுற்று சிக்கிக்கொண்டார். அவருடைய கார் வேகமானது, முந்தத்தான் இடமில்லை. பட்டம் வெட்டல் என்ற இன்னொரு ஓட்டுநருக்குப் போனது. 2021-ல் அந்த ஓடுதளத்தையே மாற்றினார்கள். பதினோரு ஆண்டு ஆயிற்று. தாமதத்தில் கொஞ்சம் நம்மூர் வாசனை அடிக்கிறது, ஆனாலும் செய்தார்கள். மெல்போர்னில் 2022-ல் ஒரு சிக்கேனைப் பிடுங்கி எறிந்தார்கள். பார்சிலோனாவில் 2007-ல் வைத்த சிக்கேனை 2023-ல் எடுத்தார்கள். வைத்தது வேலைக்கு ஆகவில்லை, எடுத்துவிட்டோம். அவ்வளவுதான். விசாரணை கமிஷன் இல்லை, முந்தைய ஆட்சியைக் குறை சொல்லவில்லை.

பாதையைக் கெடுத்த கதையும் உண்டு. ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் ஓடுதளம் காட்டுக்குள் புகுந்து போகும், சுற்றுக்கு 6.8 கி.மீ. 2002-ல் அதை 4.5 கி.மீ. ஆக்கி, கேலரிக்குப் பக்கத்திலேயே சுற்றவிட்டார்கள். மரங்களுக்கு நடுவே அந்தப் பறக்கிற வேகம் போனது. டிக்கெட் வாங்கினவன் கண்ணில் கார் அடிக்கடி படுகிறது. காருக்குப் போட்ட சாலை, கேமராவுக்குப் போட்ட சாலை என்று உலகத்தில் இரண்டு வகை. நம் சென்னை எந்த வகை?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம். போர் நினைவுச் சின்னம், நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை, அண்ணா சாலை. 3.5 கி.மீ. தூரத்தில் 19 திருப்பம். சராசரியாக 184 மீட்டருக்கு ஒன்று. இதே 19 திருப்பத்தைச் சிங்கப்பூர் சுமார் 4.9 கி.மீ.யில் வைத்திருக்கிறது. அங்கேயும் முன்பு 23 இருந்தது. 2023-ல் நான்கைக் கழித்து, அந்த இடத்தில் நேர்சாலை விட்டார்கள். நாம் யாரைப் பார்த்து வரைந்தோம் என்று தேடினால் மொனாக்கோ வருகிறது. 3.337 கி.மீ., 19 திருப்பம். 2024 மே மாதம் அங்கே நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் முதல் பத்து இடங்களில் புறப்பட்டவர்கள் அதே வரிசையில் வந்து சேர்ந்தார்கள். ஃபார்முலா 1 வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ரேஷன் கடை வரிசையில்கூட ஒருத்தராவது இடையில் புகுந்திருப்பார்.

மொனாக்கோவுக்கு ஒரு சாக்கு இருக்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். 1929-ல் கிடைத்த தெருவில் ஓட்டினார்கள். நமக்கு என்ன சாக்கு? சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் நிரந்தர ஓடுதளம் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது. அதற்கு முன்னால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் விட்டுச் சென்ற விமான ஓடுபாதையில், மக்கள் வெயிலில் நின்று பந்தயம் பார்த்தார்கள். கோவையில் செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரில் இன்னொரு ஓடுதளம். கார் பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. அதை யாரும் இறக்குமதி செய்து கற்றுத்தர வேண்டியதும் இல்லை. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் பின்னணியில் கடற்கரை தெரியாது. நேப்பியர் பாலத்தில் விளக்குப் போட்டால் ஹெலிகாப்டரிலிருந்து பார்க்க அழகு.

சென்னைப் பந்தயத்துக்கு முதலில் குறித்த தேதி 2023 டிசம்பர் 9, 10. அதற்குச் சில நாள் முன்பு மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையில் படகு ஓடியது. கார் ஓட்ட முடியாது என்பதால் ஒத்திவைத்தார்கள். வடிகாலுக்கு இல்லாத அவசரம் தடுப்புச் சுவருக்கு இருந்ததை ஊரே பார்த்தது. 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் பந்தயத்துக்கு அனுமதி தந்தது. கூடவே, அரசு போட்ட 42 கோடி ரூபாயை நடத்துகிற தனியார் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். பணம் போன திசையில்தான் இருக்கிறது.

பந்தய நாளன்று சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் சான்று சீக்கிரம் வரவில்லை. சனிக்கிழமை நண்பகல் என்று நீதிமன்றம் வைத்த கெடு நீண்டுகொண்டே போனது. இருட்டிய பிறகுதான் கார் கிளம்பியது. இரவுப் பந்தயம் என்று முன்பே பெயர் வைத்திருந்ததால் மானம் தப்பியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு சாலை பாதுகாப்பானது என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் இருந்தான். அந்த ஆள் போடாதவரை அமைச்சர் நின்றார், அதிகாரிகள் நின்றார்கள், நீதிமன்றமே நேரம் கொடுத்துக் காத்திருந்தது. தமிழ்நாட்டின் எந்தச் சாலைக்காவது இப்படி ஒருவன் கையெழுத்துப் போட்ட பிறகு போக்குவரத்தைத் திறந்திருக்கிறார்களா? நம் சாலையைத் திறக்க ரிப்பனும் கத்தரிக்கோலும் போதும்.

சான்று வந்தது, கார் வந்தது, ஒரு நாயும் வந்தது. தடத்துக்குள் ஓடியது. 2011-ல் டெல்லிப் பக்கம் புத் ஓடுதளத்தில் முதல் ஃபார்முலா 1 பயிற்சியன்றும் ஒரு நாய் இப்படித்தான் உள்ளே புகுந்தது. கட்சிகள் மாறும், மாநிலங்கள் மாறும். நாய் மட்டும் தேசிய ஒருமைப்பாட்டைக் காத்து நிற்கிறது.

அந்தப் புத் ஓடுதளத்தின் கதியையும் சொல்லிவிடலாம். 5.125 கி.மீ., உலகத் தரம், ஹெர்மன் டில்கே வரைந்தது. பல வழியில் முந்தட்டும் என்று வளைவுகளின் வாயை வேண்டுமென்றே அகலமாக்கினார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்சாலையும் விட்டார்கள். மூன்று ஆண்டு ஃபார்முலா 1 நடந்தது, மூன்றிலும் வெட்டலே ஜெயித்தார். இது விளையாட்டா கேளிக்கையா என்று உத்தரப் பிரதேச அரசுக்குச் சந்தேகம் வந்தது. கேளிக்கை என்று முடிவுகட்டி வரி கேட்டது. 2013-க்குப் பிறகு ஃபார்முலா 1 அந்தப் பக்கம் வரவில்லை. ஹைதராபாத்தில் 2023 பிப்ரவரியில் உசேன் சாகர் கரையில் ஃபார்முலா இ மின்சாரக் கார் ஓடியது. ஆட்சி மாறியதும் அடுத்த பந்தயம் ரத்து. அதற்குப் பணம் கொடுத்த விதத்தில் முறைகேடு என்று முன்னாள் அமைச்சர் கே.டி. ராமராவ் மீது வழக்கு. அவர் மறுக்கிறார். இந்தியாவில் கார் பந்தயத்தின் கடைசித் திருப்பம் எப்போதும் நீதிமன்ற வாசலில்தான் இருக்கிறது.

இனி எங்கள் ஊர். விருத்தாசலம். மணிமுத்தாற்றங்கரை, விருத்தகிரீஸ்வரர் கோயில், ரயில்வே ஜங்ஷன், முந்திரி, பீங்கான். செராமிக் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. செராமிக் படிப்புக்கென்றே ஒரு அரசு நிறுவனமும் இருக்கிறது. பொம்மை, கோப்பை, மின்சார ஃப்யூஸ் கட்டை எல்லாம் எங்கள் சூளையில் வெந்தவை. பந்தயக் காரில் பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக் இருக்கிறதே, அதன் வெள்ளைக் கழுத்தும் பீங்கான்தான், அலுமினா. அது எங்கள் ஊரில் செய்தது இல்லை. எங்களை ஃப்யூஸ் கட்டையோடு நிறுத்திவிட்டார்கள். ஃபார்முலா 4-க்குக் கோடிகளைக் கண்டுபிடித்த மாநிலத்தில், சிறு சூளைக்காரர் புதுச் சூளைக்குக் கடன் கேட்டால் சொத்துப் பத்திரம் கேட்கிறார்கள்.

சூளைக்காரருக்கு ஒரு ஒழுக்கம் உண்டு. கோப்பையின் காது கொஞ்சம் கோணினாலும் அது இரண்டாம் தரம். தனியே எடுத்து வைத்துவிடுவார், முதல் தரத்தோடு கலக்க மாட்டார். நாலு ரூபாய் கோப்பைக்கு இந்தப் பரிசோதனை. அந்தக் கோப்பையை ஏற்றிக்கொண்டு போகிற சாலைக்கு எதுவும் கிடையாது. போட்டதெல்லாம் முதல் தரம். மழை பெய்யும்வரை.

எங்கள் ஊரில் பந்தயம் நடப்பதில்லை என்று யாராவது சொன்னால் அவர் பாலக்கரைப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். சிக்கேனும் உண்டு. காவல்துறை இரும்புத் தடுப்புகளை ஒன்று இடமும் ஒன்று வலமுமாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம். உயிரைக் காக்கிறதோ இல்லையோ, ஆடித் தள்ளுபடி ஞாபகம் வந்துவிடும். இரவில் அதன்மேல் ஒட்டிய சிவப்புப் பட்டை மங்கி, தடுப்பே தெரியாது. பந்தயத் தடத்தில் சிக்கேன் எங்கே வருகிறது என்று ஓட்டுநருக்கு 100 மீட்டருக்கு முன்பே பலகை சொல்லும். எங்களுக்கு மோதிய பிறகு தெரியும்.

அடுத்தது வேகத்தடை. இதற்கும் ஒரு சூத்திரம் எழுதியிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட 99-ம் எண் நெறிமுறை. வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் மெல்ல எழுந்து மெல்ல இறங்க வேண்டும் என்றது அது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வந்தால் இடுப்பு வலிக்காது. கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்திருக்க வேண்டும். 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும். படிக்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! எங்கள் தெருக்களில் இருப்பது ஒரு முழ அகலத்தில் கருங்கல் ஜல்லியைக் கொட்டித் தட்டிய வரப்பு. பட்டை கிடையாது, பலகை கிடையாது. வயிற்றுப் பிள்ளைக்காரி ஆட்டோவில் வந்தால், அந்த இடம் வருவதற்கு முன்பே ஓட்டுநர் இறங்கித் தள்ளுகிறார்.

பிரான்சில் லெ மான் பந்தயத்தில் 6 கி.மீ. நேர்சாலை ஒன்று இருந்தது. 1988-ல் ஒரு கார் அதில் மணிக்கு 405 கி.மீ. தொட்டது. இது ஆபத்து என்று 1990-ல் நடுவில் இரண்டு சிக்கேன் வைத்தார்கள். அவ்வளவு வேகத்தை அடக்க இரண்டு போதுமாக இருந்தது. மணிக்கு முப்பதில் போகிற ஸ்கூட்டியை அடக்க எங்கள் தெருவுக்கு எட்டு.

ஆனால் வேகத்தடையை எடுக்கவே தெரியாதவர்கள் என்று பழி போடக் கூடாது. பெரிய மனிதர் வருகிறார் என்றால் போதும், ராத்திரியோடு ராத்திரியாகச் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். அவர் கார் குலுங்காமல் போய்ச் சேர்ந்த மறுநாள் ஜல்லி மறுபடி வந்து இறங்குகிறது. தீவுத்திடல் பந்தயத்துக்காகச் சாலை நடுவே இருந்த தடுப்புச் சுவர்களையே பெயர்த்தார்கள். தார் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஆக, திறமை இருக்கிறது. இயந்திரம் இருக்கிறது. கணக்குத் தெரிந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை எங்கள் பக்கம் திருப்புகிற ஸ்டீயரிங்தான் இல்லை. எதிர்க்கட்சி கார் பந்தயத்தைக் கடுமையாகக் கண்டித்தது, வாஸ்தவம். அவர்கள் ஆட்சியில் போட்ட வரப்புகள் இன்னும் எங்கள் தெருவில் உறுதியாக நிற்கின்றன. அந்த ஒரு கட்டுமானத்தில் மட்டும் எந்தக் கட்சியும் கலப்படம் செய்வதில்லை. 2006-ல் சினிமாவில் சண்டைக் காட்சிக்குப் பேர்போன நாயகரையே சட்டமன்றத்துக்கு அனுப்பிப் பார்த்தது இந்த ஊர். ஜல்லிக்கு முன்னால் அவரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சாலையில் இருக்கிற மூடி பற்றியும் ஒரு வெளிநாட்டுச் செய்தி. 2023 நவம்பரில் லாஸ் வேகாஸ் தெருவில் ஃபார்முலா 1 பயிற்சி. தொடங்கி எட்டு நிமிடத்தில் கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி, சாலையில் பெயர்ந்திருந்த தண்ணீர்க் குழாய் மூடியில் மோதி அடிவயிறு கிழிந்தது. பயிற்சி நிறுத்தம். தடம் முழுவதும் மூடிகளைத் தேடித் தேடி அடைத்து, அதிகாலை 2.30 மணிக்குக் காரை மறுபடி விட்டார்கள். ஒரே இரவில்! இதைப் படித்துப் பெருமூச்சு விட்டவர்கள் அடுத்த வரியையும் படித்திருக்க வேண்டும். மூடி உடைத்த காரின் பேட்டரியை மாற்றினார்களே, அதற்காகச் சைன்ஸுக்குப் பத்து இடம் பின்னால் நின்று புறப்படும் தண்டனை. விதிக்கு விலக்கு தர எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள் நடுவர்கள். அட, நம்ம ஆபீஸ் மாதிரியே பேசுகிறார்களே என்று எனக்கு அந்த நடுவர்கள்மேல் ஒரு பாசம் வந்தது. பள்ளம் வைத்தவன் வீட்டில் தூங்குவான், விழுந்தவன் அபராதம் கட்டுவான். இந்த விஷயத்தில் அமெரிக்கா நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

வளைவுச் சண்டையில் ஒரு தமிழருக்கும் இடம் உண்டு. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் அந்த ஆண்டுதான் ஜோர்டன் அணியில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஆகியிருந்தார். அங்கே 13-வது திருப்பம் சாய்வாகக் கட்டியது. அதில் போகிற வேகத்தை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷுமாக்கரின் கார் சுவரில் மோதியது. அந்தத் திருப்பத்துக்கு முன்னால் ஒரு சிக்கேன் வையுங்கள், ஓட்டுகிறோம் என்றன மிஷலின் அணிகள். கடைசி நேரத்தில் பாதையை மாற்ற முடியாது என்றது கூட்டமைப்பு. இருபது கார்கள் அணிவகுப்புச் சுற்றுக்குக் கிளம்பின. அது முடிந்ததும் பதினான்கு கார்கள் பிட் பாதைக்குள் நுழைந்து நின்றுவிட்டன. மிச்சம் ஆறு. நரேன் நான்காவதாக வந்தார். ஐந்து புள்ளிகள். ஃபார்முலா 1-ல் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகளும் அவைதான். கேலரியில் இருந்தவர்கள் பாட்டில் வீசினார்கள். பின்னர் டிக்கெட் பணத்தை மிஷலின் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டுக்கு 20,000 டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்தது.

வேடிக்கை பார்க்க வந்தவனின் பணத்துக்கு அங்கே அவ்வளவு மரியாதை. இங்கே சாலை வரி கட்டியவன், சுங்கம் கட்டியவன், பெட்ரோலில் வரி கட்டியவன் எவனும் பார்வையாளன் இல்லை. எல்லோரும் தடத்துக்குள் இருக்கிறோம். இந்த வளைவு சரியில்லை, நான் ஓட்ட மாட்டேன் என்று பதினான்கு பேர் ஒதுங்கினார்களே, உளுந்தூர்பேட்டைச் சாலையில் ஒதுங்கிப் பாருங்கள். ஓரத்தில் மக்காச்சோளம் காய்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மூடியில்லாத வாய்க்கால். அதையும் தாண்டினால் தலைவரின் பிறந்தநாள் பேனர்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். முருகன்தான். அரசாங்கத்தில் நடக்காத காரியத்துக்கு அவரிடம் பிராது கட்டலாம். காகிதத்தில் வழக்கு மனு மாதிரியே எழுதி, மடித்துக் கட்டிவிட வேண்டும். திருட்டுப் போன நகை, பாகப்பிரிவினை, ஏமாற்றிய பங்காளி என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் கட்டுகிறார்கள். தெருமுனை வளைவில் இரண்டு பேர் விழுந்து கால் உடைந்த பிறகு நாங்களும் ஒரு பிராது எழுத உட்கார்ந்தோம். ஊர், பெயர், குறை எல்லாம் எழுதியாயிற்று. பிராது யார்மேல் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. முதல் அலுவலகத்தில் கேட்டதற்கு, சாலை எங்களுடையது இல்லை, இன்னொரு துறை என்றார்கள். இன்னொரு துறையில், சாலை எங்களுடையதுதான், பள்ளம் குழாய் போட்டவர்களுடையது என்றார்கள். குழாய் போட்டவர்கள், மண்ணை மூடிவிட்டோம், தார் போட வேண்டியது ஒப்பந்தக்காரர் என்றார்கள். ஒப்பந்தக்காரர், பில் பாஸ் ஆகிவிட்டது, இனிமேல் என்னைக் கேட்கக் கூடாது என்றார். கோயிலில் பிராது எழுதித் தரும் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, எதிராளி பேர் இல்லாம பிராது எழுத முடியாது. போய்க் கேட்டுக்கிட்டு வாங்க. பாத்துப் போங்க, கோயிலுக்கு முன்னாடி ஒரு வேகத்தடை இருக்கு. தெரியாது.”